பிறந்த லயத்தில் வாழ ஒரு விசா!

(மாத்தளையில் தோட்டத் தொழிலாளரும் கமக்காரரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



விசா என்றதும் இன்றைய இளைஞனுக்கு நினைவில் எழுவன எவை? டுபாய், கட்டார், கனடா! பெரியவர்களுக்கோ இராமேசுவரமும் திருவண்ணாமலையும். அயல்நாட்டுக்குள் புக அந்நாடு வழங்கும் அனுமதியே விசா; உலகம் முழுவதும் அச்சொல்லுக்கு அதுதான் பொருள். ஆனால், இந்த மாத்தளை மலையிலே அதற்கு மற்றொரு பொருளும் இருந்தது. தாம் பிறந்த லயத்திலே, தம் கையால் நட்ட மாமரத்தடியிலே தொடர்ந்து குடியிருப்பதற்கே விசா வாங்க வேண்டியவராய் நம்மவர் வாழ்ந்தனர். அவர்களைப் பற்றிப் பேசவே வந்துள்ளேன்.

நம் பாட்டனும் பூட்டனும் வந்தபோது கடவுச்சீட்டு ஏது? விசா ஏது? மன்னார்க் கரையில் இறங்கிக் காடுகளைக் கடந்து, தம்புள்ளை வழியாக நடந்தே மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் எத்தனையோ பேர்! 1880இல் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. பின்னாளில் வந்தவர்களுக்குத் தோட்டத்தின் அடையாளம் பொறித்த ஒரு தகரத் துண்டு. அதுவே கடவுச்சீட்டு, அதுவே விசா. உழைக்க வந்தவனை உள்ளே விடுவதற்கு ஒரு தகரம் போதுமாயிருந்தது. உழைத்தவன் உரிமை கேட்டபோதுதான் காகிதம் தேவைப்பட்டது!

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரை நாடற்றோர் ஆக்கியது. அதே ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் கடலின் குறுக்கே கதவு போட்டது. ஊரிலே கிடந்த தாயைப் பார்க்கப் போனவன் திரும்பி வரவும் அனுமதிச் சீட்டு வேண்டியவனானான். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 1951 ஆகஸ்ட் 5ஆம் தேதிக்குள் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பிரசாவுரிமை பெற்றோரோ ஏறத்தாழ 1,34,000 பேர்தாம். கொழுந்து பறித்தவளிடம் தொடர்ந்து வசித்ததற்குப் பத்திரம் கேட்டால் எதைக் காட்டுவாள்? காய்ப்பேறிய கையையா?

பிறகு வந்தது 1964 அக்டோபர் 30ஆம் தேதிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். தோட்டத்தில் ஒருவனையும் கேளாமல், 9,75,000 பேரைத் தேங்காய் எண்ணுவது போல் எண்ணினர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்றனர். அவர்களையும் 1974இல் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். அவர்களை ஏற்றிச் சென்ற இரயிலுக்கு மலைநாட்டு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’.

1984இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றது. இந்தியப் பிரசையாகப் பதிவு பெற்றும் போக வழியின்றி நின்றோர் ஏறத்தாழ 84,000 பேர். இவர்கள் நிலை என்ன? சட்டத்தின்படி இந்தியர், வாழ்வதோ இலங்கையில். ஆகவே இரண்டு வாசல்களில் நிற்க வேண்டும். கடவுச்சீட்டைப் புதுப்பிக்க இந்தியத் தூதரகம். வதிவிட விசாவுக்கு இலங்கைக் குடிவரவுத் திணைக்களம். முன்னது காலாவதியானால் பின்னது கிடையாது. பின்னது இல்லையேல், பிறந்த மண்ணிலே சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவன் என்று பெயர்!

என் பெரியப்பாவின் கதையைச் சொல்கிறேன். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்தவர். இந்தியாவை அவர் கண்ணால் கண்டதில்லை. இங்கே கிடைக்காது, அங்கேயாவது கிடைக்கட்டும் என்று எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தார். பிள்ளைகளை முன்னே அனுப்பினார். சேமலாப நிதிப் பணத்துக்காகப் பின்தங்கினார். கப்பல் நின்றது. அதன்பின் கடவுச்சீட்டைச் சீத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஒரு நாள் பேரை இழந்து, விடியுமுன்னே பஸ் ஏறுவார். ஒருமுறை ஓர் அலுவலகத்திலே (எது என்று சொல்ல நான் விரும்பவில்லை, அங்கிருந்தவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரே) தோட்டத்துச் செக்ரோலில் உள்ள பெயருக்கும் கடவுச்சீட்டில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபடுகிறது என்று திருப்பிவிட்டார்கள். அந்த ஓர் எழுத்தைத் திருத்த ஒன்றரை ஆண்டு அலைந்தார். அதற்குள் கடவுச்சீட்டே காலாவதியாயிற்று. 2001இல் கண் மூடினார். தோட்டத்து மயானத்தில் புதைத்தோம். புதைப்பதற்கு மட்டும் எவரும் விசா கேட்கவில்லை!

அவர் இன்னும் இரண்டே ஆண்டுகள் இருந்திருந்தால்! 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரசைகள் என்றது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களும் தம் விருப்பத்தைப் பிரகடனம் செய்து கையொப்பமிட்டுப் பிரசையாகலாம் என்றது. ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனமும் தொழிற்சங்கத்தினரும் தொண்டர்களும் தோட்டந்தோட்டமாகச் சென்றதில், பத்தே நாளில் ஏறத்தாழ 1,90,000 பேர் பயன்பெற்றனர். 55 ஆண்டு அலைந்ததற்குப் பத்து நாள்! முடியாது என்று அதுவரை சொன்னார்களே, அது முடியாமையா, மனமின்மையா?

அத்தோடு எல்லாம் தீர்ந்ததா? சென்ற மாதம் ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார். தமிழ்நாட்டில் இருக்கும் தங்கையை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். இந்திய விசாவுக்கு எழுதித் தாருங்கள் என்றார். “இலங்கைக் கடவுச்சீட்டு எங்கே அம்மா?” என்றேன். மடியிலிருந்து எடுத்து நீட்டினார்: எண்பதுகளிலேயே காலாவதியான இந்தியக் கடவுச்சீட்டு! தேர்தலில் வாக்குப் போட்டதில்லை. அடையாள அட்டை இல்லை. 2003இல் முகாம் நடந்த நாட்களில் மகளின் பேறுகாலத்துக்காக வேறு தோட்டத்தில் இருந்தாராம். தங்கையைக் காண விசா கேட்க வேண்டுமானால், முதலில் தாம் எந்த நாட்டவர் என்பதை அவர் மெய்ப்பிக்க வேண்டும். எழுபது வயதுக்கு மேல்!

படித்த பெருமக்களே! உங்களை ஒன்று கேட்கிறேன். நம்மிடையே சட்டத்தரணிகள் இல்லையா? சமாதான நீதவான்கள் இல்லையா? பாட்டியின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு தரகன் காசு வாங்குகிறானே, அது யாருக்கு வெட்கம்? பெயரில்லாத பிறப்பத்தாட்சிப் பத்திரத்துக்குப் பெயர் பதியவும், எழுத்துப் பிழையைத் திருத்தவும், பிரதேச செயலகத்துக்கு உடன் போகவும் மாதத்தில் ஒரு நாளை ஒதுக்க முடியாதா?

கமக்காரப் பெருமக்களே, தோட்டத்துச் சகோதரர்களே! விசா எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவன் கையிலே கடவுச்சீட்டை விட்டுவிடாதீர்கள். எல்லாப் பத்திரத்திலும் ஒரே பெயர், ஒரே எழுத்து, ஒரே பிறந்த தேதி இருக்கிறதா என்று பிள்ளைகளைக் கொண்டு இன்றிரவே வாசித்துப் பாருங்கள். பழைய கடவுச்சீட்டைக் குப்பையில் எறியாதீர்கள். பெற்றோர் இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சில வீடுகளில் அது ஒன்றே சான்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில் நானும் இரண்டு சட்டத்தரணிகளும் உட்காருகிறோம். அந்த மூதாட்டியும் வருகிறார். எந்தத் தாள் வேண்டும், எது வேண்டாம் என்று ஆராய்ந்துகொண்டிராமல், தகரப் பெட்டியை அப்படியே தூக்கி வாருங்கள்.