லாரித் தொழிலாளியின் பாஷை

(இருங்காட்டுக்கோட்டையில் ஆலைத் தொழிலாளிகளும் விவசாயத் தொழிலாளிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பாஷை உண்டு. பஞ்சாலைத் தோழர் ‘டாஃபர்’, ‘சைடர்’, ‘பதிலி’ என்று பேசுகிறார். வயலில் உழைக்கிற தோழர் ‘மரக்கால்’, ‘அரி’, ‘களத்து நெல்’ என்று பேசுகிறார். இந்தச் சொற்களுக்குள்ளேதான் கூலி இருக்கிறது, வேலை நேரம் இருக்கிறது, எஜமானனின் தந்திரமும் இருக்கிறது. மரக்காலின் அடியைத் தட்டி அளவைக் குறைத்த மிராசுதாரை நம் பாட்டன்மார் மறக்கவில்லை. மரக்கால் என்ற சொல் அப்படியே இருந்தது. அதற்குள் இருந்த நெல்தான் குறைந்தது.

இன்று இந்தச் சாலையில், நம் கண் முன்னே, இன்னொரு பாஷை பேசுகிற தொழிலாளிகள் இரவும் பகலும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள்தான் லாரித் தொழிலாளிகள். அவர்கள் பாஷையைத்தான் இன்று நாம் கற்றுக்கொள்ளப் போகிறோம். வேடிக்கைக்காக அல்ல. அதைப் புரிந்துகொண்டால் நம் கூலியையும் புரிந்துகொள்வோம் என்பதற்காக.

காளையும் யானையும்

முதலில் வண்டிகளின் பெயர்கள். பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் என்று சக்கரத்தை எண்ணிச் சொல்வது ஒரு வழக்கம். பெரிய வண்டிக்கு ‘டாரஸ்’ என்று பெயர். எண்ணூரில் தொழிற்சாலை உள்ள அசோக் லேலண்ட் கம்பெனி ஒரு ரக வண்டிக்கு வைத்த பெயர் அது. லத்தீனில் காளை என்று பொருள். இன்றோ எந்தக் கம்பெனி வண்டியானாலும் தொழிலாளி ‘டாரஸ்’ என்றுதான் சொல்கிறான். 2005இல் வந்த டாடாவின் சின்ன வண்டிக்கு ‘குட்டி யானை’ என்று ஜனங்களே பெயர் வைத்துவிட்டார்கள். மாற்றுச் சக்கரத்துக்கு ‘ஸ்டெப்னி’ என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904இல் அங்கே செய்த உதிரிச் சக்கரம் அந்தப் பெயரோடு உலகம் சுற்றி நம் ஊர்ப் பஞ்சர் கடை வரை வந்துவிட்டது.

அடுத்து ‘இருபது’, ‘நாற்பது’. இவை கண்டெய்னர்ப் பெட்டியின் நீளம், அடிக் கணக்கில். 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூயார்க் துறைமுகப் பகுதியிலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அன்று தொடங்கிய மாறுதலால் உலகமெங்கும் துறைமுகங்களில் மூட்டை தூக்கிய லட்சக்கணக்கான தொழிலாளிகளின் வேலை போயிற்று. பெட்டி பூட்டிய வாக்கில் கப்பலிலிருந்து லாரிக்கு வருகிறது. லாரியிலிருந்து ஆலை வாசலுக்கு வருகிறது. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்கும் நடுவே ஓடுகிற டிரெய்லர்கள் இந்தப் பெட்டிகளைத்தான் இழுக்கின்றன. செய்து முடித்த கார்களை அடுக்கிச் செல்கிற நீண்ட கூண்டு வண்டிக்குக் ‘கார் கேரியர்’ என்று பெயர்.

கிளீனர் எங்கே போனார்?

ஒரு காலத்தில் லாரியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் டிரைவர், இன்னொருவர் கிளீனர். கிளீனர் கண்ணாடி துடைப்பார், தார்ப்பாய் கட்டுவார், கயிறு இறுக்குவார், பின்னால் நின்று வண்டி திருப்ப வழி சொல்வார். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு இரண்டு மணிக்கு டிரைவரின் கண் சொக்கும்போது பேச்சுக் கொடுத்து அவரை விழிக்க வைப்பார். அவரே சில வருஷங்களில் ஸ்டியரிங் பிடித்து டிரைவராவார். அதுதான் அந்தத் தொழிலின் பள்ளிக்கூடம்.

இன்று பல வண்டிகளில் கிளீனர் இல்லை. ‘சிங்கிள் டிரைவர்’ என்கிறார்கள். இரண்டு சொல்தான். ஆனால் அதன் பொருள் என்ன? ஒரு ஆளின் கூலி மிச்சம். இரண்டு ஆளின் வேலை ஒரு ஆள் தலையில். பஞ்சாலையில் ஒரு தொழிலாளி பார்த்த சைடுகளை இரட்டிப்பாக்கினார்களே, அதே கதைதான். இங்கே ஆலையின் இடத்தில் சாலை, அவ்வளவே வித்தியாசம். பிறகு ‘டிரைவர் கிடைக்கவில்லை’ என்று முதலாளிகள் புலம்புகிறார்கள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு மாணவன் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது?

‘படி’ என்றால் என்ன?

இப்போது முக்கியமான சொல்லுக்கு வருவோம். லாரிக்காரர் பேச்சில் சம்பளத்தைவிட அதிகமாக அடிபடுகிற சொல் ‘படி’. சிலர் ‘பேட்டா’ என்பார்கள். பழைய கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே இருந்த சொல் இது. 1766இல் வங்காளத்தில் கிளைவ் இந்தப் பேட்டாவைக் குறைத்தபோது வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளே கலகம் செய்தார்கள்! துரைமார்களுக்குப் பேட்டா குறைந்தால் அது சரித்திரம். டிரைவருக்குக் குறைந்தால் கேட்க நாதியில்லை.

விவசாயத் தோழருக்குப் படி என்றால் நெல் அளக்கிற படி. ஆலைத் தோழருக்குப் படி என்றால் பஞ்சப்படி. விலைவாசி ஏறினால் பஞ்சப்படியும் ஏற வேண்டும் என்று யூனியன் வைத்துப் போராடி வாங்கிய உரிமை அது. லாரித் தோழரின் படி அப்படிப்பட்டதல்ல. அது ‘டிரிப்’ ஒன்றுக்கு இவ்வளவு என்று தருகிற தொகை. வழியில் சாப்பாடு அதிலிருந்துதான். குளியல், டீ, சில இடங்களில் சில்லறை ரிப்பேர்கூட அதிலிருந்துதான். மீதிதான் வீட்டுக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு டிரிப்புக்குப் படி 1200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். துறைமுகத்திலிருந்து ஆலைக்கு மூன்று மணி நேரத்தில் வந்தால் நல்ல கூலிதான். ஆனால் துறைமுக வாசலில் எட்டு மணி நேரம், ஆலை வாசலில் ஒன்பது மணி நேரம் நின்றால்? மொத்தம் 20 மணி நேரம். மணிக்கு அறுபது ரூபாய்! அதிலும் சாப்பாட்டுச் செலவு போக என்ன மிஞ்சும்? வண்டி ஓடினால்தான் கூலி, நின்றால் இல்லை என்பதுதான் ‘டிரிப்’ என்ற சொல்லின் உட்பொருள்.

இன்னொன்றும் உண்டு. ‘மைலேஜ்’. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முதலாளி ஒரு கணக்கு வைக்கிறார். அதற்கு மேல் டீசல் செலவானால் பல இடங்களில் டிரைவர் பணத்தில் பிடித்தம். நெரிசலில் வண்டி ஊர்ந்ததற்கும் அவர்தான் பொறுப்பாம்!

வாசலில் நிற்கிற காலம்

வண்டி நிற்பதற்கு லாரி பாஷையில் ‘ஹால்ட்டிங்’ என்று பெயர். இந்த ஹால்ட்டிங் எங்கிருந்து வருகிறது? இங்கேதான், தோழர்களே, இந்தப் பிரதேசத்தின் ரகசியம் இருக்கிறது.

பழைய ஆலையில் பெரிய கிடங்கு இருக்கும். மாதக்கணக்குக்கான சரக்கு அதில் கிடக்கும். புதிய மோட்டார் ஆலைகள் அப்படி நடப்பதில்லை. ஜப்பானில் டொயோட்டா கம்பெனி ஒரு முறையைக் கொண்டுவந்தது. தேவைப்படும் பொருள், தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவில் மட்டும் வர வேண்டும். இதற்கு ‘ஜஸ்ட் இன் டைம்’ என்று பெயர். 1998இல் இங்கே ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான், 2012இல் டெய்ம்லரின் பாரத் பென்ஸ் லாரி ஆலை என்று வரிசையாக வந்தன. சுற்றிலும் உதிரிபாக ஆலைகள். ஒரே லாரி பல உதிரிபாக ஆலைகளுக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு ஏற்றி வருவதற்கு ‘மில்க் ரன்’ என்று பெயர். வீடு வீடாகப் பால்காரர் போவதைப் பார்த்து வைத்த பெயர்.

இந்த முறையில் கிடங்கு மறைந்துவிட்டதா? இல்லை. கிடங்கு சாலைக்கு வந்துவிட்டது. லாரியே கிடங்கு. அதன் காவல்காரர் டிரைவர். கிடங்குக்கு வாடகை உண்டு, காவல்காரருக்குச் சம்பளம் உண்டு. சாலையோரம் நிற்கிற டிரைவருக்கு என்ன உண்டு? ஹால்ட்டிங் பணம் என்று சரக்குக்காரரிடம் வாங்குகிற வழக்கம் இருக்கிறது. அந்தப் பணம் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ், புரோக்கர், லாரிச் சொந்தக்காரர் என்று கை மாறி வருகிறது. நின்றவர் கைக்கு அது வந்து சேர்கிறதா என்பதுதான் கேள்வி.

இதே இருங்காட்டுக்கோட்டையில் 1990இலிருந்து மோட்டார்ப் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கைக்கூடக் கருவி வைத்து அளக்கிறார்கள். ஆலை வாசலில் ஒரு தொழிலாளியின் பத்து மணி நேரத்தை எழுதி வைக்க ஒரு பென்சில்கூட இல்லையா?

சட்டம் என்ன சொன்னது?

1961இல் நாடாளுமன்றம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. நீண்ட தூரத்துக்கு அனுமதி பெற்றால்கூட நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிதான் எல்லை. ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு. ஆனால் ஐந்து தொழிலாளிகளுக்குக் குறைவான நிறுவனங்களை அது தொடவில்லை. ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவரிடம் வேலை செய்பவர் என்ன ஆவார்? அவர் வெளியே நின்றார். அந்தச் சட்டமும் 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் கரைக்கப்பட்டு, அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்தது. சட்டப் புத்தகத்தின் அட்டை மாறிவிட்டது. எட்டு மணி நேரம் என்ற கோரிக்கை மாறவில்லை.

ஒரு லாரிச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பெரும் முதலாளிகள் அல்ல என்பதையும் நாம் மறக்கக் கூடாது. நாமக்கல், சங்ககிரிப் பக்கம் டிரைவராக இருந்து, கடன் வாங்கி, ஒரு வண்டி போட்டவர்கள் ஏராளம். மாதத் தவணை அவர் கழுத்தில். போன சரக்கை இறக்கிவிட்டு ‘ரிட்டர்ன் லோடு’ கிடைக்காமல் ‘எம்ப்டி’யாகத் திரும்பினால் அந்த டிரிப்பே நஷ்டம். இதைத் தெரிந்துகொண்டுதான் புரோக்கர் வாடகையை அடித்துப் பேசுகிறார். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை அழுத்த, கடைசி அழுத்தம் ஸ்டியரிங் பிடித்தவர் மேல் விழுகிறது.

ஓவர்லோடும் மாமூலும்

அந்த அழுத்தத்தின் பிள்ளைதான் ‘ஓவர்லோடு’. 2018 ஜூலையில் சர்க்கார் எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 டன் ஆயிற்று. அதற்கும் மேலே ஏற்றினால், 2019ஆம் ஆண்டின் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒன்றைக் கவனியுங்கள். வண்டி ஓட்டியவரை மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவரையும், ஓட்ட அனுமதித்தவரையும் அந்தச் சட்டம் குறிப்பிடுகிறது. ஆனால் எடை மேடையில் நிற்பவர் யார்? டிரைவர்தான். ஏற்றச் சொன்னவர் தூரத்தில் மின்விசிறிக்கடியில் இருக்கிறார்.

‘மாமூல்’ என்றால் வழக்கம் என்று பொருள். லஞ்சத்துக்கு வழக்கம் என்று பெயர் வைத்த நாடு நம் நாடு! சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற ஸ்தாபனம் 2020இல் வெளியிட்ட ஆய்வு, லாரித் தொழிலில் வருஷத்துக்குச் சுமார் 48,000 கோடி ரூபாய் லஞ்சமாகப் போகிறது என்று மதிப்பிட்டது. ‘இ-வே பில்’லும் ‘ஃபாஸ்டேக்’கும் வந்தன, செக்போஸ்ட் வரிசை குறைந்தது உண்மை. ஆனால் பில்லுக்குக் கெடு உண்டு: 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். சரக்கின் நேரத்தைக் கம்ப்யூட்டர் எண்ணுகிறது. மனிதனின் நேரத்தை யார் எண்ணுவது?

டிரைவர்கள் ஒன்றுபட்டால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். விபத்து நடந்து தகவல் சொல்லாமல் போனால் 10 ஆண்டு வரை சிறை என்று புதிய குற்றவியல் சட்டத்தின் 106ஆம் பிரிவில் எழுதினார்கள். அடிபட்டவரைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நின்றால் கும்பல் அடித்துக் கொல்லுமே, அதற்கு என்ன பாதுகாப்பு என்று டிரைவர்கள் கேட்டார்கள். 2024 ஜனவரி முதல் நாட்களில் பல மாநிலங்களில் லாரிகள் நின்றன. சர்க்கார் பேச்சுவார்த்தைக்கு வந்தது. அந்த ஜூலை 1இல் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. எங்கெங்கோ சிதறிக் கிடப்பவர்கள், ஒரே ஆலைக்கூரையின் கீழ் இல்லாதவர்கள், அவர்களால் இது முடிந்தது!

நாம் செய்ய வேண்டியது

ஆலைத் தோழரே, உமது வாசலில் நிற்கிற டிரைவர் அன்னியர் அல்ல. அவர் கொண்டுவரும் சரக்கில்தான் உமது ஷிப்டு ஓடுகிறது. அவர் நிற்பதற்கு இடம், கக்கூஸ், குடிதண்ணீர் வேண்டும் என்று உமது யூனியன் கேட்கலாமே! விவசாயத் தோழரே, உமது வீட்டுப் பையன்தான் நாளை அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போகிறான். அவனுக்கு ‘படி’ என்ற சொல்லின் பொருளை இன்றே சொல்லிக்கொடும்.

லாரித் தோழர்களுக்கு நாம் சொல்வது எளிது. டிரிப் ஷீட்டில் வண்டி வாசலுக்கு வந்த நேரத்தை எழுதுங்கள்; உள்ளே போன நேரத்தை எழுதுங்கள்; வெளியே வந்த நேரத்தை எழுதுங்கள். எடைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். மைலேஜுக்குப் பிடித்தால் கணக்கைக் காகிதத்தில் கேளுங்கள். நிற்கிற நேரமும் வேலை நேரமே. ஹால்ட்டிங் பணத்தில் நின்றவனுக்குப் பங்கு உண்டு. படி போக மாதச் சம்பளம் தனியே உண்டு. இந்த மூன்றையும் கோரிக்கையாக வையுங்கள்.

மரக்காலின் அடியைத் தட்டியவனை நம் பாட்டன்மார் எப்படிப் பிடித்தார்கள்? தாங்களே ஒரு மரக்காலைக் கொண்டுபோய் அளந்து காட்டினார்கள். நமது மரக்கால் கடிகாரம். அதைக் கையிலெடுத்து அளக்கத் தொடங்குவோம், தோழர்களே!