பவானியோடு ஒரு பயணம்

(மேட்டுப்பாளையத்தில் ஊராட்சி மன்ற உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நாம் நாள்தோறும் பார்க்கும் பவானி ஆறு, நம் எல்லையைக் கடந்தபின் எவ்வாறு போகிறது என்பதை நம்மில் பலர் கண்டதில்லை. அதனை அறியவே சென்ற மாதம் உறுப்பினர்களும் விவசாயிகளுமாக நாங்கள் ஒரு பேருந்தில் புறப்பட்டு, ஆற்றோடு கீழ்நோக்கிச் சென்று வந்தோம். உடன் வர இயலாதவர்களுக்காகக் கண்டவற்றைக் கூறுகிறோம்.

முதலில் பவானிசாகர். 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த இவ்வணை ஏறத்தாழ ஐந்தரை மைல் நீளமுள்ளது. மோயாறும் பவானியும் கூடும் அவ்விடத்தில், நீருக்கு அடியில் டணாயக்கன்கோட்டை கிடக்கிறது. நீர் மிகவும் வற்றும் ஆண்டுகளில் மட்டும் அங்குள்ள பழங்கோயில் வெளியே தெரியும். நாங்கள் சென்ற நாளில் தெரியவில்லை. கீழ்பவானிக் கால்வாயால் இன்று இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறுகிறது. அதற்கு விலையாக அங்கிருந்த ஊர் மக்கள் மண்ணையும் வீட்டையும் விட்டு எழுந்து போனார்கள்.

கொடிவேரியில் அணைமீது வழியும் நீரில் குளித்தோம். அதற்கே பாதிப் பொழுது போயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. மாலையில் காலிங்கராயன் அணைக்கட்டை அடைந்தோம்.

பவானி காவிரியில் கலக்குமுன் அதனை மறித்து வாய்க்கால் வெட்டிய காலிங்கராயன், 1283இல் அப்பணியை முடித்தான் என்பர். வாய்க்கால் நேரே போகாமல் பாம்பைப்போல் வளைந்து வளைந்து 56 மைல் ஓடிக் கொடுமுடிப் பக்கம் நொய்யலைச் சேருகிறது. பாம்பு வழிகாட்டியது என்பது கதை. நிலத்தின் மட்டத்தை அனுசரித்து, நீர் மெல்ல நடக்குமாறு வெட்டினார்கள் என்பதை எங்களுடன் வந்த விவசாயிகள் பார்த்த மாத்திரத்தில் கூறிவிட்டார்கள். சுமார் பதினைந்தாயிரம் ஏக்கரில் மஞ்சளும் வாழையும் நெல்லும் இன்றும் அந்நீரில் விளைகின்றன.

தன் நலத்திற்காகவே வெட்டினான் என்று ஊரார் பழித்தபோது, தன் குடும்பத்தார் இந்நீரைத் தொடமாட்டார்கள் என்று அவன் சூளுரைத்து, ஊற்றுக்குளிக்குக் குடிபெயர்ந்தான் என்று செவிவழிச் செய்தி உண்டு. உண்மையோ பொய்யோ, பஞ்சாயத்துப் பணத்தில் தன் வீட்டு வாசலுக்கு முதலில் சாலை போட்டுக்கொள்ளும் நம்மவர் சிலர் கேட்க வேண்டிய கதை!

முற்காலத்தில் வாய்க்காலைத் தூர்வார ஊரே மண்வெட்டியோடு இறங்கும்; குடிமராமத்து என்பது அதுதான். ஜப்பானில் சிரகவாகோ என்னும் மலைக்கிராமத்தில் ஒரு வீட்டின் புற்கூரையை மாற்ற ஊரார் அனைவரும் கூடுவார்கள்; அதற்கு 'யூயி' என்று பெயர். அவ்வூர் 1995இல் உலக மரபுச் சின்னமாயிற்று. கூரையாவது ஒரு வீட்டுக்காரருடையது. ஆறோ பல ஊர்களுடையது.

வாய்க்காற்கரையில் ஒரு முதிய விவசாயி, "எந்த ஊருங்க?" என்று வினவினார். மேட்டுப்பாளையம் என்றோம். "அப்படியா! நீங்க விடுகிறதுதானுங்க எங்களுக்கு வருது" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆயினும் திரும்பும் வழியில் பேருந்தில் பேச்சு குறைந்துவிட்டது.

நம் ஊர்ச் சாக்கடைகளில் எத்தனை ஓடைவழியே பவானியில் விழுகின்றன? வாழைக்கு மருந்தடித்த தெளிப்பான்களை எங்கே கழுவுகிறோம்? பவானிக் கரையிலுள்ள ஒவ்வோர் ஊராட்சியும், ஆற்றில் சேரும் சாக்கடை வாய்களைக் கணக்கெடுத்து, எங்கெங்கு உறிஞ்சுகுழி அமைக்கலாம், எங்கு வடிகட்டும் தொட்டி தேவை என்று குறித்து, வரும் அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபையில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மதிப்பீடு தயாரிக்க எங்கள் பொறியாளர்கள் உங்கள் ஊருக்கே வருவார்கள். அடுத்த பயணத்திற்குப் பெயர் கொடுப்பவர்கள், அந்தக் கணக்கையும் கையில் கொண்டு வரவேண்டும். அந்தப் பெரியவரைத் திரும்பவும் பார்க்க எண்ணியிருக்கிறோம்.