சுவர் உலரும் காலம்



கூரை எழும்பியவுடன் வீடு முடிந்துவிட்டது என்று சொல்வது நம் வழக்கம். வீட்டுக்காரரின் பொறுமைக்குச் சோதனை அதன் பிறகுதான் தொடங்குகிறது. உட்சுவர்ப் பூச்சு, தளம், கதவு, வண்ணம் ஆகியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. அவ்வரிசையைப் பெரும்பாலும் சுவரினுள் நிற்கும் நீரே வகுக்கிறது.

சிமெண்டும் சுண்ணாம்பும் இறுகும் வகை வேறு. சிமெண்ட் நீரோடு வேதியியல் முறையிற் கூடி இறுகுவது. ஆதலால் பூசிய பின் ஏழு நாளேனும் சுவரை நனைத்து வருதல் வேண்டும். சுண்ணாம்போ, காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக உட்கொண்டு, தான் பிறந்த சுண்ணக்கல்லாகவே மீண்டும் மாறுகிறது. இதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். சுட்ட சுண்ணாம்பை நெடுநாள் நீரில் ஊறவைத்த பின்னரே பூச வேண்டும், இன்றேல் நீறாத கட்டிகள் பின்னாளிற் சுவரிற் கொப்புளமாக வெடிக்கும் என்று, கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியச் சிற்பி விட்ருவியஸ் எழுதிவைத்துள்ளார். நம் கொத்தனார்கள் அவரைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் சொல்வது அதையேதான்.

ஓய்வு பெற்ற பின்னர்க் காரைக்குடிக்கு அருகில் ஒரு சிறு வீடு கட்டினேன். சமையலறைக்கும் குளியலறைக்கும் சிமெண்டுப் பூச்சு; மற்றவற்றுக்குச் சுண்ணாம்பு. மின்கம்பிக் குழாய்களை முன்னதாகவே சுவரிற் பதித்துவிட்டோம். பூச்சு முடிந்த பின் சுவரைக் கொத்துவோரைக் கண்டால் எனக்கு ஆகாது!

மார்கழியில் முதற்பூச்சு முடிந்தது. என் அன்னையாருக்கு அப்பொழுது அகவை 88. தையில் புதுமனை புகுந்து, அங்கேயே தங்கிவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வயதினரிடம், "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்று எவ்வாறு சொல்வது? என் மைத்துனர் ஒரு வழி கூறினார்: கூடத்துக்கு எண்ணெய் வண்ணம் அடித்துவிட்டால் பத்தே நாளில் வீடு பளபளக்கும்.

கொத்தனார் தலையசைத்து மறுத்தார். "ஐயா, சுவர் இன்னும் ஈரமாக இருக்கிறது. மேலே எண்ணெயைப் பூசினால் மூச்சு முட்டிப் பட்டை பட்டையாக உரிந்து விழும்" என்றார்.

அவர் சொன்னதில் வேதியியல் இருக்கிறது. புதுப் பூச்சில் காரத்தன்மை மிகுதி. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆய்வகத்திற் சோப்புக் காய்ச்சிய மாணவர் அறிவர். சுவரில் அடித்த எண்ணெய் வண்ணமும் அவ்வாறே பிசுபிசுத்துக் கெடும். வெளியேற வழியின்றி நிற்கும் நீர் அதனைப் பின்னிருந்து தள்ளும்.

"அப்படியானால் அம்மாவின் அறைக்கு என்ன செய்வது, கொத்தனாரே?" என்று கேட்டேன்.

"அதற்கு வெள்ளை அடிக்கலாம் ஐயா. அதுவும் சுண்ணாம்புதானே, ஈரம் வெளியேறத் தடை செய்யாது."

அவ்வாறே செய்தோம். அந்த ஓர் அறைக்கு மட்டும் வெள்ளையடித்து, ஆத்தங்குடிக் கல் பதித்தோம். அக்கல் சூளையைக் காணாதது. கண்ணாடிப் பலகையின்மேல் வண்ணக் குழம்பை வார்த்து, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, நீரில் ஊறவைத்து எடுப்பது. அதன் முகத்தின் மெருகு அந்தக் கண்ணாடி தந்தது. பின்னர்க் கால் படப்பட இன்னும் ஏறும். தையில் கூடத்துச் சுவர்கள் சாம்பல் நிறமாகவே நிற்க, பால் காய்ச்சினோம். உறவினர் சிலர் முகம் சுளித்தனர். அன்னையார் தம் அறைக்குட் புகுந்து கட்டிலில் அமர்ந்துகொண்டார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

கூடத்தின் மேற்பூச்சைச் சித்திரையில் தொடங்கினர். சலித்த கிளிஞ்சற் சுண்ணாம்பு, கடுக்காய் நீர், முட்டை வெண்கரு என்பன செட்டிநாட்டு முறை. ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய பூச்சுகள் இட்டு, இறுதியில் வழவழப்பான கல்லால் நாள் முழுதும் தேய்த்தார் கொத்தனார். முகம் பார்க்கலாம் போல் ஆயிற்று. அன்னையாரை அழைத்து வந்து காட்டினேன். சுவரை உள்ளங்கையால் தடவி, "குளிர்ச்சியாக இருக்கிறது" என்றார். பிறகு தம் வெள்ளையடித்த அறைக்கே திரும்பிவிட்டார். கூடத்திற் படுக்க இன்றளவும் அவர் உடன்படவில்லை.