வாட்சுக்குத் தெரியாத தூக்கம்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நல அமர்வில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தூக்கத்தையும் மன அழுத்தத்தையும் அளந்து சொல்லும் ஸ்மார்ட் வாட்ச், மோதிரம் இவற்றைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நம் ஊரில் இப்போது வீட்டுக்கு ஒன்றாவது இருக்கிறது. சபுராளிகள் முன்பு சென்ட் பாட்டிலும் போர்வையும் கொண்டு வருவார்கள். இப்போது வாட்ச் கொண்டு வருகிறார்கள். அப்படி வந்த ஒரு வாட்சின் கதையைச் சொல்கிறேன்.

ஒரு தாயார் என்னிடம் வந்தார்கள். கணவர் மவுத்தாகி, இத்தா முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கையில் புது வாட்ச். தம்மாமில் இருக்கும் மகன் அனுப்பியது. "உம்மா, நீங்க தூங்குறீங்களான்னு இங்கேர்ந்தே நான் பார்த்துக்குவேன்" என்று சொல்லி, அதன் கணக்கு தன் போனுக்கும் வருகிற மாதிரி ஏற்பாடு செய்திருந்தார். நல்ல பிள்ளை. அங்கே பஜ்ருக்கு எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார். உடனே போன் வரும்: "ராத்திரி நாலு மணி நேரம்தான் தூங்கியிருக்கீங்க, என்ன உம்மா?"

பத்து நாளில் கணக்கு சரியாகிவிட்டது. ஆறரை மணி நேரம், ஏழு மணி நேரம். மகனுக்கு நிம்மதி. ஆனால் அந்தத் தாய் எடை குறைந்து, கண் குழி விழுந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். பிள்ளை கவலைப்படுகிறானே என்று, தூக்கம் வராவிட்டாலும் கையை அசைக்காமல் அப்படியே படுத்திருக்கிறார்களாம். தாகம் எடுத்தாலும் எழுந்திருப்பதில்லை. வழக்கமாகத் தொழும் தஹஜ்ஜுதையும் விட்டுவிட்டார்கள். எழுந்தால் வாட்ச் சொல்லிவிடுமே!

அசையாமல் கிடந்தால் அது ஏன் ஏமாறுகிறது? வாட்சுக்குள் அசைவை உணரும் ஒரு சிறு கருவி இருக்கிறது. அடிப்பக்கத்தில் பச்சை விளக்கு மின்னுகிறதே, அது தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பாயும்போது திரும்பி வரும் ஒளியின் அளவு மாறும். அதைவைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. அசைவு இல்லை, துடிப்பும் நிதானம் என்றால் "தூங்குகிறார்" என்று ஊகிக்கிறது. ஊகம்தான். ஆழ்ந்த தூக்கமா, கனவுத் தூக்கமா என்று உறுதியாகச் சொல்ல, தூக்க ஆய்வுக்கூடத்தில் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் அலைகளைப் பதிவு செய்ய வேண்டும். மணிக்கட்டில் மூளை அலை கிடைக்காது. அசையாமல் விழித்துக் கிடப்பவரைத் தூங்குகிறார் என்று எழுதிக்கொள்வது இந்தக் கருவிகளின் பழைய குறை.

(ஒரு மலிவு வாட்சைச் சுருட்டி வைத்த துண்டில் கட்டிப் பார்த்தேன். துண்டுக்கும் 72 துடிப்பு காட்டியது! எல்லா வாட்சும் அப்படி இல்லை. ஆனாலும் வாங்கும் முன் யோசியுங்கள்.)

"ஸ்ட்ரெஸ்" என்று ஒரு எண் காட்டுகிறதே, அதுவும் பெரும்பாலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலுள்ள நேரம் எப்படிக் கூடிக் குறைகிறது என்பதைப் பார்த்துப் போடும் கணக்கு. காய்ச்சல் வந்தாலும் அது மாறும், கெட்டியாக இரண்டு காபி குடித்தாலும் மாறும். வாப்பா மவுத்தானதும் அதற்குத் தெரியாது, பேத்தி பிறந்ததும் தெரியாது.

அந்த எண்ணை நம்பிவிடுவதில் இன்னொரு கெடுதி உண்டு. அமெரிக்காவில் கொலராடோ கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தி 2014-இல் வெளியிட்டார்கள். சிலரிடம் "உங்கள் தூக்கம் நன்றாக இருந்தது" என்றும், சிலரிடம் "சரியில்லை" என்றும் கருவி சொல்வதாகச் சொன்னார்கள். உண்மையில் எதையும் அளக்கவே இல்லை. ஆனாலும் சரியில்லை என்று கேட்டவர்கள் அடுத்து வைத்த தேர்வுகளில் பின்தங்கினார்கள். தூக்கத்தின் மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டே தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்களுக்காக 2017-இல் ஆய்வாளர்கள் "ஆர்த்தோசோம்னியா" என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் கழற்றி எறிந்துவிடலாமா? அதுவும் சரியில்லை. பயங்கரக் கனவுகளால் அவதிப்படுபவர்களுக்காக, வாட்சில் இயங்கும் "நைட்வேர்" என்ற சாதனத்துக்கு 2020 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. துடிப்பையும் அசைவையும் வைத்துக் கெட்ட கனவை உணர்ந்து, ஆளை எழுப்பிவிடாத அளவுக்கு அதிர்ந்து, அந்தக் கனவைக் கலைக்கப் பார்க்கிறது. அதையும் மருத்துவர் எழுதிக்கொடுத்தால்தான் வாங்க முடியும், மற்ற சிகிச்சையோடு சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். அதேபோல, குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி எழுபவர்களைப் பற்றிச் சில வாட்ச்கள் எச்சரிக்கின்றன. அந்த எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம். வராவிட்டாலும், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் அயர்கிறவர், வண்டி ஓட்டும்போது தூங்கி விழுகிறவர் மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். குறட்டையைக் கேட்க வாட்ச் எதற்கு? பக்கத்தில் படுப்பவரைக் கேட்டாலே போதும்.

நோன்பு மாதத்தில் மதிப்பெண் சரிந்துவிட்டது என்று பயந்து வருகிறார்கள். தராவீஹ், சஹர், பஜ்ருக்குப் பின் ஒரு தூக்கம், லுஹருக்குப் பின் கொஞ்சம் என்று துண்டு துண்டாகத் தூங்குவதைச் சில வாட்ச்கள் சரியாகக் கூட்டுவதில்லை. மொத்தத்தை நீங்களே கூட்டிப் பாருங்கள். அப்படிக் கூட்டியும் குறைவாக இருந்தால் அது வாட்சின் பிழை இல்லை. இரவெல்லாம் கடைத்தெருவில் சுற்றிவிட்டு அதிகாலையில் வேன் ஓட்டுகிற தம்பிகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான் நோயாளிகளுக்குச் சொல்லும் கருவி ஒரு நாற்பது பக்க நோட்டு. எத்தனை மணிக்குப் படுத்தேன், தோராயமாக எப்போது தூங்கினேன், எப்போது எழுந்தேன், மாலையில் எத்தனை டீ குடித்தேன் என்று இரண்டு வாரம் எழுதுங்கள். காலையில் எழுதினால் போதும், நடு இரவில் மணி பார்க்க வேண்டாம். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல், மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்றால் அது சிகிச்சைக்குரியது. மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சிதான் முதல் சிகிச்சை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டாமல் அழுகையாகவே இருந்தால் "ஈமான் குறைவு" என்று சொல்லி அவரை இன்னும் நோகடிக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம்.

அந்தத் தாயாருக்கு இருந்தது மனச்சோர்வு. சிகிச்சை கொடுத்தோம். மகனிடம் நானே போனில் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பிறகு, "எனக்காகவா அசையாம படுத்திருந்தாங்க?" என்று கேட்டார்.

இப்போது அவர் காலையில் அழைப்பதில்லை. இஷாவுக்குப் பிறகு அழைக்கிறார். இன்றைக்கு என்ன ஆக்கினீங்க, யார் வந்தாங்க என்று தொடங்கி வாப்பாவைப் பற்றிய பேச்சில் போய் நிற்குமாம். சில நாள் இரண்டு பேரும் அழுவார்களாம். வாட்சை அந்தத் தாய் நடக்கும்போது மட்டும் கட்டிக்கொள்கிறார்கள். இரவில் அது அலமாரியில் இருக்கிறது.