கிணற்று நீரும் கருவியும்
(குருக்கள்மடத்தில் நிகழ்த்திய உரை)



1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு போபால் நகரத்துப் பூச்சிகொல்லி ஆலையிலிருந்து விஷவாயு வெளியேறி ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. சிறு கசிவுகளை அவ்வாலைத் தொழிலாளர் அறிந்துகொண்டது பெரும்பாலும் தம் கண்ணெரிவினாலேதான். மனிதன் கண்ணையே கருவியாக்கி வைத்திருந்தார்கள்!

நமக்கு அத்தகைய ஆலைப் பயம் இல்லை. கிணறு இருக்கிறது.

கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே மணற்றரை. இம்மணலுக்குள் மழைநீரானது உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளை மூடியபோது, நல்லெண்ணத்தோடு பம்பி வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறிவிடும். மழை கழுவட்டும் என்று விடுவதே மேல் என ஆய்வாளர் பின்னர் எடுத்துரைத்தனர். இதை அறிவிப்பது மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவி. உப்புக் கூடினால் நீரில் மின்சாரம் இலகுவாகப் பாயும், அவ்வளவுதான் சூட்சுமம்.

உப்பையாவது நாக்கு அறியும். உரத்திலும் மலக்குழியிலும் இருந்து இறங்கும் நைத்திரேற்றை அது அறியாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மிஞ்சினால் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்றச் செறியும். நிறம் மாறும் சோதனைத் தாளே இதற்குக் காவல்.

இனி, கிருமி. குவாலியர் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மஞ்சாவும் தோழர்களும் 1982இல் ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். மருந்தூட்டிய தாள் உள்ள போத்தலில் நீரை விட்டு, வெதுவெதுப்பான இடத்தில் ஓரிரவு வைத்தால், மலக்கலப்புள்ள நீர் கறுக்கும். படைவீரரின் காவலுக்கென அமைந்த நிலையத்தில் பிறந்தது, ஏழையின் கிணற்றுக்கும் உதவுகிறது! ஆனால் வாவியோரச் சேற்று நாற்றமுள்ள நீர் கிருமி இன்றியும் கறுக்கலாம். உடனே கறுத்தால் ஐயுறுக. கறுக்காமையும் முழு உத்தரவாதமன்று.

இளைஞர்களே, மாரிக்கு முன் ஒருமுறையும் வெள்ளம் வடிந்தபின் ஒருமுறையும் ஊர்க் கிணறுகளைச் சோதித்து ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். “பாட்டன் வெட்டிய கிணற்றையா பழுதென்கிறாய்?” என்று பெரியோர் சினக்கக்கூடும். ஆகவே முடிவை வீட்டாருக்கே முதலில், தனியாகச் சொல்லுங்கள். பின்பு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொண்டு செல்லுங்கள். கறுத்த போத்தலில் கிருமி பெருகியிருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டவிடாமல், வெளிற்றும் தூள் இட்டபின்பே கொட்டுங்கள்.