மலைநாட்டிலிருந்து எந்திர அறைக்கு

நாவலப்பிட்டியிலே கடல் இல்லை. கடலை நாடிச் செல்லும் ஆறு உண்டு. நகரைத் தழுவி ஓடும் மகாவலி கங்கை, திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் சென்று கலக்கின்றது. 1874ஆம் ஆண்டிலேயே புகையிரதம் வந்து சேர்ந்த ஊர் அது. புகையிரதத்தின் மூச்சையும் தேயிலைத் தொழிற்சாலையின் இரைச்சலையும் கேட்டு வளரும் பிள்ளைக்குக் கப்பலின் எந்திர அறை அத்துணை அந்நியமானதன்று.

கப்பல் வேலை என்றதும், மேற்றளத்திலே வெண்ணுடை தரித்து நிற்பவரே நேயர்களின் நினைவுக்கு வருவார். கப்பலை நகர்த்துபவரோ அடித்தளத்தில், பெருவெப்பத்தில், எண்ணெய்க் கறையோடு நிற்கும் பொறியியலாளர். உயர்தர வகுப்பிற் கணிதமும் பௌதிகமும் கற்ற ஆணோ பெண்ணோ, மாலபேயிலுள்ள சினெக் போன்ற நிலையத்திற் பயிலலாம். பட்டறையிலும் கடலிலும் பயிற்சி முடித்த பின்னரே முதலாவது தகைமைச் சான்றிதழ் கிட்டும். இரண்டாம் பொறியியலாளர், பிரதம பொறியியலாளர் என்பன அதற்கு மேலுள்ள படிகள். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருத்தல் வேண்டும் என்பதையும் மறைத்தல் ஆகாது.

எந்திரத்தை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. கப்பலின் அடிவயிற்றில் எண்ணெய் கலந்த நீர் ஓயாது தேங்கும். அதனைப் பிரிபொறியிற் செலுத்தி, பத்து இலட்சம் பங்கில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாதபோதே கடலில் விடலாம் என்பது மார்பொல் உடன்படிக்கையின் விதி. ஒவ்வொரு செயலையும் எண்ணெய்ப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடவும் வேண்டும்.

இங்கேதான் சோதனை பிறக்கின்றது. 2013ஆம் ஆண்டு, 'கரிபியன் பிரின்சஸ்' என்னும் உல்லாசக் கப்பலிற் புதிதாகச் சேர்ந்த பொறியியலாளர் ஒருவர், பிரிபொறியைத் தவிர்த்துக் கழிவைக் கடலில் விடும் கள்ளக் குழாயைக் கண்டார். கப்பற்காரர் அதனை 'மந்திரக் குழாய்' என்பர். மந்திரம் ஏதுமில்லை, செலவை மிச்சம் பிடிக்கும் சூழ்ச்சியே. அவர் சவுதாம்டன் துறைமுகத்தில் வேலையை விட்டிறங்கிப் பிரித்தானிய அதிகாரிகளிடம் முறையிட்டார். மூத்த பொறியியலாளர்களோ குழாயைக் கழற்றிவிட்டு, கீழுள்ளோரைப் பொய் கூறுமாறு ஏவினர். 2016இல் அக்கப்பல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 4 கோடி டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. மேலதிகாரிக்கு எதிராக வாய் திறத்தல் எளிதன்று. சேர்ந்து சில நாளேயான ஒருவருக்கு அது இன்னும் அரிது.

இலங்கைக் கரையும் இவற்றுக்கு அப்பாற்பட்டதன்று. 2020 செப்டெம்பரில் ஏறத்தாழ 2,70,000 தொன் மசகு எண்ணெயுடன் சென்ற 'நியூ டயமன்ட்' கப்பலின் எந்திர அறையில் மூண்ட தீ, கிழக்குக் கடலை நடுங்க வைத்தது. கப்பற் பணியாளர் ஒருவர் மாண்டார். அடுத்த ஆண்டு கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' எரிந்து அமிழ்ந்தது. அதிலிருந்த பிளாத்திக்கு மணிகள் கரைகளிற் குவிந்தன. அதன் தரப்பினர் 100 கோடி டொலர் நட்டஈடு செலுத்த வேண்டுமென 2025 யூலையில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடலில் ஆண்டுகள் பல கழித்தோர் கரையிலே கப்பற் பரிசோதகராகவும் அமரலாம். அவ்வாறு ஏறும் பரிசோதகர் கேட்டு வாங்கிப் புரட்டும் ஏடுகளுள் ஒன்று, அந்த எண்ணெய்ப் பதிவேடு.