1952: ஜெட் விமானம் வந்த ஆண்டு

வவுனியா விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படைக்காக அமைந்தது. பின்னர் 1947 டிசம்பரில், ஏர் சிலோனின் டகோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. விமானம் என்றால் சுழலும் விசிறி என்றே நம்மவர் எண்ணியிருந்த காலம் அது.

1952 மே 2ஆம் நாள், விசிறியற்ற கொமெற் ஜெட் விமானம் 36 பிரயாணிகளுடன் லண்டனிலிருந்து ஜோகானஸ்பேர்க் நோக்கிப் புறப்பட்டது. ஆகஸ்டில் அச்சேவை இலங்கைக்கும் நீண்டது. என்ன வேகம்! டகோட்டாவைப் போல் இரு மடங்குக்கும் மேல்.

கொமெற் பறந்தது ஏறக்குறைய 35,000 அடி உயரத்தில். அங்கே காற்று மெலிது. ஆதலால் உள்ளே காற்றை அழுத்தி வைத்தல் வேண்டும். பறக்குந்தோறும் விமானத்தின் உடல் சிறிதே விம்மித் தளரும். வயல் வேலிக்குக் கம்பி கட்டும் வன்னிக் கமக்காரர், குறடு இல்லாதபோது என்ன செய்வார்? ஒரே இடத்தில் மேலும் கீழுமாக வளைப்பார், கம்பி முறியும். கொமெற்றுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ அதுவே.

1954 ஜனவரியிலும் ஏப்ரிலிலும் இரண்டு கொமெற்றுகள் மத்தியதரைக் கடலில் வீழ்ந்து 56 பேர் மாண்டனர். பின்னர் பார்ன்பரோவில் ஒரு கொமெற்றின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் இட்டு, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள், உடல் பிளந்தது. உலோகக் களைப்பே காரணம் எனத் தெளிந்தது.

ஜனவரியில் எல்பாத் தீவருகே வீழ்ந்தது எது தெரியுமா? 1952 மே 2இல் லண்டனிலிருந்து புறப்பட்ட அதே விமானந்தான்.